மஞ்சள் மாடும் மாடிச் சாவியும்

ஹேமாம்புஜம் மாமியின் கத்திரிப்பூ நிற ஒன்பது கஜத்தில், உட்காரும்போது சரியாக எந்த இடம் தரையில் படுமோ அந்த இடத்தில், ஐந்து விரலும் உள்ளங்கையுமாக ஒரு வெள்ளைக் கை பதிந்திருந்தது. மாமி அதைக் கொடியிலிருந்து கொம்பால் எடுத்து, நீதிமன்றத்தில் சாட்சிப் பொருளைக் காட்டுவதுபோல உயர்த்திப் பிடித்தாள்.

"இது யார் கைடா?"

கையின் சொந்தக்காரன், அவள் வீட்டு மாடி போர்ஷனில் வாடகைக்குக் குடியிருக்கும் மோகன்ராஜ், கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"காத்துல பறந்து வந்திச்சு மாமி. பொம்மை மேல வுழுந்துடப் போவுதுன்னு தள்ளிவுட்டேன்."

"என் புடவை உன் பொம்மை மேல விழுந்துடப் போறதுன்னு தள்ளினியா?"

உண்மையைத் தப்பான வரிசையில் சொல்லிவிட்டோம் என்று மோகன்ராஜுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மடிப் புடவைடா! குளிச்சுட்டு, யார் மேலயும் படாம, கொம்பால தூக்கி ஒசரக் கொடியில போட்டது. அதுல கை வச்சதே தப்பு. வச்ச கை வெளுத்துப் போயிருக்கு. நாளைக்கு நான் இதைக் கட்டிண்டு கோவிலுக்குப் போனா, பின்னால வரவா என்ன நினைப்பா?"

என்ன நினைப்பார்கள் என்று மோகன்ராஜுக்கு நன்றாகவே தெரிந்தது. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தான். மாமி அதையும் பார்த்துவிட்டாள். மொட்டைமாடிக் கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கிப் போனாள்.

மோகன்ராஜுக்குச் சூரியன் போனது.

அவனுடைய பைத்தியம் இதுதான். பழைய பிளாஸ்டிக் பொம்மைகள், எண்பதுகளில் எவருடைய மாமாவோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ரோபோ, டெலிபோன், ரயில் என்ஜின், எல்லாம் ஒரு காலத்தில் பளீர் வெள்ளையாக இருந்து இப்போது வெற்றிலைப் பாக்குப் பல் மாதிரி பழுத்துப் போனவை. அவற்றின் மேல் ஒரு கிரீமைத் தடவி, சமையலறையில் மீந்த சாப்பாட்டை மூடுகிற கண்ணாடித் தாளால் சுற்றி, வெயிலில் ஆறு மணி நேரம் வைத்தால் பழுப்பு இறங்கி வெள்ளை திரும்பும். கிரீம் மனைவி ஜோதிலட்சுமியின் பியூட்டி பார்லரிலிருந்து வந்தது. தலைமுடிக்குச் சாயம் போடும் முன் நிறத்தை இறக்குகிற கிரீம். அதற்கு ரோபோ எது, மடிப் புடவை எது என்ற பேதமெல்லாம் கிடையாது.

வாரத்தில் ஐந்து நாள் அவன் திருவள்ளூரிலிருந்து கம்பெனி பஸ் ஏறி கும்மிடிப்பூண்டிக்குப் போவான். பிளாஸ்டிக் பக்கெட், ஃபேன் மூடி, சுவிட்சுப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. கோடு விழுந்திருந்தால் சிவப்பு ஸ்டிக்கர், குமிழி இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். நாள் முழுக்க "இது ஆகாது, இது ஆகாது" என்று ஒட்டிவிட்டு வருகிறவனுக்கு, ஆகாது என்று யாரோ தூக்கிப் போட்டதை ஆகவைப்பதில் ஒரு கிறக்கம். இப்போது பதினோரு பொம்மைகள் கட்டிலுக்கு அடியில் வரிசையில் காத்திருந்தன. வீட்டின் பால்கனியோ வடக்கு பார்த்தது. எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க் மிச்ச வெளிச்சத்தையும் தின்றுவிடும். மாடி இல்லையென்றால் கிரீமும் இல்லை, வெள்ளையும் இல்லை. அவன் வெறும் ஸ்டிக்கர் ஒட்டுகிறவன்.

"ரோபோவுக்கு வெயிலு இல்லன்னா மூஞ்சி இவ்ளோ நீளமாவுது" என்றாள் ஜோதிலட்சுமி. "கட்டிக்கினு வந்தவ ஒரு தபா பீச்சுக்குப் போலாம்னா, வெயிலா கீதுன்ற."

அந்த வாரக் கடைசியில், வெள்ளிக்கிழமை மாலை, மாமியே கூப்பிட்டனுப்பினாள். கூடத்தில் கொலுப் பெட்டிகள் திறந்து கிடந்தன. மறுநாள் முதல் புரட்டாசிச் சனி. அதற்கு அடுத்த நாள் அமாவாசை. அன்று சாயங்காலம் படி கட்டிப் பொம்மை ஏற்ற வேண்டும். மாமி ஒரு தகர ட்ரங்கிலிருந்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மடியில் வைத்துப் பிரித்தாள்.

மாடு. ஜப்பான் பிளாஸ்டிக் மாடு. முழங்கை நீளம். வயிற்றில் பேட்டரி போட்டால் நாலடி நடந்து, நின்று, தலையை ஆட்டி அம்மா என்று கத்தும்.

"எண்பத்தாறுல தீபாவளிக்கு அத்திம்பேர் வாங்கிண்டு வந்தது. கோமதின்னு பேர். வந்தப்போ பால் மாதிரி இருப்பா. இப்போ பாரு."

கோமதி மாம்பழமாக இருந்தாள். முகம் மஞ்சள், கொம்பு மஞ்சள். பின்பக்கம் எல்லாவற்றையும்விட ஒரு படி மேலே போய், பழுத்த பங்கனபள்ளி.

மோகன்ராஜின் கை தானாக நீண்டது. மாட்டை வாங்கி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அமாவாசை சாயங்காலத்துக்குள்ள இவளை வெள்ளையாக்கிக் கொடு. சாவி உனக்குத்தான். ஆகலேன்னாலோ, ஏதாவது கோளாறு பண்ணினாலோ, மாடியை மறந்துடு."

"இது ஒண்ணுமே இல்ல மாமி. பிளாஸ்டிக்ல நெருப்பு புடிக்கக் கூடாதுன்னு புரோமின்னு ஒரு சரக்கு சேப்பாங்க. வெயிலு பட்டா அது மஞ்சளாவும். பின்பக்கம் ஜன்னலப் பாத்து இருந்திருக்கும், அதான் அங்க ஜாஸ்தி."

"ஜன்னலா? ட்ரங்குப் பொட்டியிலன்னா இருந்தது?"

"பொட்டிக்குள்ள சூடு இருக்கும் மாமி. அதுவே போதும்."

"இல்லடா, பின்பக்கம்னா அது லக்ஷ்மி…"

"புரோமின் மாமி" என்று முடித்துவிட்டான் மோகன்ராஜ்.

இதில் அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, தொழில் பழக்கம். கம்பெனியில் ஒரு பொருள் கெட்டுப்போனால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்டு ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். மிஷின் ஓட்டுகிற ஆளிடமே போய்க் கேட்க வேண்டும் என்பது விதி. மோகன்ராஜ் பன்னிரண்டு வருடமாக அந்த ஐந்து ஏனையும் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே தன்னிடம் கேட்டு, தானே பதில் எழுதி, ஐந்தும் வேறு வேறு பேனாவில் இருக்கும்படி பார்த்துக்கொள்வான். ஆடிட்டுக்கு வந்தவர்கள் பாராட்டிவிட்டே போனார்கள்.

சனிக்கிழமை விடுமுறை. கீழே மாமி வீட்டில் மாவிளக்கு, சுண்டல், வருகிறவர் போகிறவர் என்று ஒரே கூட்டம். மேலே மோகன்ராஜ் குளியலறையில் உட்கார்ந்து கோமதியின் வயிற்றைத் திறந்து மோட்டாரைக் கழற்றினான். கிரீம் பூசும் முன் எண்ணெய்ப் பசையெல்லாம் போகக் கழுவ வேண்டும். பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர், சோப்புத் தூள், அழுக்குப் போக இரண்டு கை துணிசோடா. மாட்டை உள்ளே இறக்கி, பழைய டூத் பிரஷ்ஷால் ஒரு தேய் தேய்த்தான்.

மாடு சிவந்தது.

முதலில் பிரஷ் சிவந்தது. பிறகு பின்பக்கம் சிவந்தது. பிறகு முகம், கொம்பு, கடைசியில் தண்ணீர். அரை நிமிடத்தில், ஹேமாம்புஜம் மாமியின் கோமதி ரத்த வெள்ளத்தில் நான்கு காலையும் தூக்கிக்கொண்டு மிதந்தாள்.

மோகன்ராஜ் பிரஷ்ஷைக் கீழே போட்டான். புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாளுக்குக் கைங்கரியம் செய்கிற குடும்பத்தின் வீடு. மாடியில் குடியிருப்பவன் குளியலறையில் மாட்டை அறுத்த கோலத்தில் நிற்கிறான். இதைப் பார்த்தால் மாடிச் சாவி என்ன, வீட்டுச் சாவியையே கேட்பார்கள்.

"மோகன்!" கீழிருந்து மாமியின் குரல் வந்தது. "கோமதி குளிச்சாளா?"

"குளிச்சிக்கினு கீறாங்க மாமி!"

கதவைத் தாழிட்டு, சோழவரத்தில் இருக்கும் இம்மானுவேலுக்கு போன் போட்டான். பழைய பொம்மைக் கார் சேர்க்கிறவன்; எந்தச் சந்தேகத்துக்கும் தயங்காமல் பதில் சொல்வான், அது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

"மச்சான், மாமியோட பிளாஸ்டிக் மாட்டைக் கழுவினேன், செவந்துடிச்சு."

"இன்னா செவப்பு? ரத்த செவப்பா, செங்கல் செவப்பா?"

"இப்ப அதான் ரொம்ப முக்கியமா?"

"பிளாஸ்டிக் உள்ள கீற சரக்கு வெளிய வருது மச்சான். அது செத்துடிச்சு. அழுதுக்கினு நிக்காத. வெள்ளை ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சுக் குடுத்துடு. ரெண்டு கோட்டிங். கெழவிக்கு இன்னா தெரியப் போவுது?"

அலமாரியில் ஒரு ஸ்ப்ரே டப்பா இருக்கத்தான் செய்தது. மோகன்ராஜ் அதை எடுத்து ஆட்டினான். உள்ளே குண்டு கடகடத்தது. மாட்டின் முகத்துக்கு நேரே பிடித்தான். கோமதி வாய் திறந்து, சிவந்த முகத்தோடு அவனைப் பார்த்தாள். கம்பெனியில் கோடு விழுந்த பக்கெட்டுக்கு மேலே பெயின்ட் பூசி அனுப்பிய ஆளை, போன மாதம்தான் அவன் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்திருந்தான். அந்த ஆள் இப்போது பெரியபாளையத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

டப்பாவைக் கீழே வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

அந்த நேரத்தில் பார்லரிலிருந்து சாப்பிட வந்த ஜோதிலட்சுமி கதவைத் தட்டு தட்டு என்று தட்டித் திறக்க வைத்தாள். டப்பை எட்டிப் பார்த்தாள்.

"யாருய்யா வராங்க?"

"இன்னாது?"

"ஆரத்தி கரைச்சு வச்சிக்கினு கீறயே, யாருக்கு? மாமி ஊட்டுக்கு மாப்ள வராரா? அதுக்கு இம்மாம் பெரிய டப்பு எதுக்கு? லாரிக்கு சுத்தப் போறியா?"

மோகன்ராஜ் அவளையும் டப்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஆரத்தி எப்டி செவக்குது?"

"இது கூடத் தெரியாதா? மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்கும். சோப்பு, சோடா எது பட்டாலும் செவக்கும். நலங்கு வச்சுக்கினு வர்ற கல்யாணப் பொண்ணு மூஞ்சில தெரியாம சோப்பு போட்டு, அது தக்காளி மாதிரி ஆயி, அவங்கம்மா என்னை அடிக்க வந்து, எலுமிச்சம்பழம் தேச்சு எறக்கின கதை மறந்துட்டியா? ஆமா, இன்னா மாட்டைப் போயி ஆரத்தில முக்கி வச்சிருக்க?"

மோகன்ராஜ் சமையலறைக்கு ஓடி அரை எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கோமதியின் பின்பக்கத்தில் பிழிந்தான். சிவப்பு வழிந்து போய், பழைய மஞ்சள் திரும்பியது.

"மஞ்சள்" என்றான்.

"அதான் சொல்லிக்கினு கீறேன்."

"மஞ்சள் கலர் இல்லடி. மஞ்சத்தூள்!"

மோகன்ராஜ் பிறந்து வளர்ந்தது ஊத்துக்கோட்டை பக்கம் நெல் விளைகிற ஊர். மாட்டுப் பொங்கலுக்கு எத்தனை மாட்டின் முகத்தில் அவனே மஞ்சள் அப்பியிருக்கிறான். மறுநாள் ஏரியில் இறக்கிவிட்டால் அது கரைந்துவிடும். பிளாஸ்டிக் மாட்டுக்கு ஒருவர் அதைச் செய்வார் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஈரக் கையோடு கீழே இறங்கினான். கூடம் நிறைய மாமிகள். ஹேமாம்புஜம் மாமி ஒருத்திக்குத் தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் ராமஸ்வாமி, காலையிலிருந்து கோயிலில் நின்ற களைப்பில், நெற்றித் திருமண் வியர்வையில் கலைந்து, சாப்பாடு எப்போது வரும் என்று உள்பக்கம் பார்த்தபடி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, மோகன்ராஜ் ஒரு 'ஏன்'னை உரியவரிடம் கேட்டான்.

"மாமி, கோமதிக்கு மஞ்சள் பூசுவீங்களா?"

"பூசாம? எங்காத்துல மாடு ஏது? வருஷா வருஷம் கனுவன்னிக்கு, அதான் உங்க மாட்டுப் பொங்கலன்னிக்கு, இவளுக்குத்தான் மஞ்சள், குங்குமம், சக்கரைப் பொங்கல் எல்லாம். முப்பத்தொன்பது வருஷமாச்சு. அதுலயும் பின்பக்கம்தான் லக்ஷ்மி வாசம் பண்ற இடம். அங்க கொழைச்சு நன்னா அப்பிடுவேன். அதைத்தானே நேத்திக்குச் சொல்ல வந்தேன்? நீ புரோமின் புரோமின்னே!"

"ஏன் கேக்கறே? என்னாச்சு அவளுக்கு?" என்றார் ராமஸ்வாமி.

"ஒண்ணும் இல்ல மாமா. சும்மா ரெகார்டுக்கு" என்று சொல்லிவிட்டு, நான்கு நான்கு படிகளாகத் தாவி மேலே வந்தான்.

மஞ்சளுக்கு எதிரி வெயில். மஞ்சள் கறை பட்ட வேட்டியை ஒரு நாள் கொடியில் போட்டால் போய்விடும். கிரீமே வேண்டாம். மாட்டு வேலைக்காக மாமி கொடுத்திருந்த சாவியை வைத்து மாடிக் கதவைத் திறந்து, கோமதியை மதிய வெயிலில் நிறுத்தினான். மாலைக்குள் முகம் வெளுத்துவிட்டது. லக்ஷ்மி மட்டும் அசைவதாக இல்லை. அங்கே முப்பத்தொன்பது வருடத்து மஞ்சள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மேகம். மோகன்ராஜ் கோமதியின் பின்பக்கத்தைக் கிழக்கே காட்டி வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்தபடி மாடியில் நடந்தான். பதினொரு மணி வரை சூரியன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டுக்கு நாலு தூறல் விழுந்தது. சட்டையைக் கழற்றி மாட்டை மூடினான். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த பெண், வெற்று உடம்போடு ஒருவன் பிளாஸ்டிக் மாட்டைக் கட்டிப்பிடித்து நிற்பதைப் பார்த்துவிட்டுத் துணியை எடுக்காமலே இறங்கிப் போனாள். ஒன்றரைக்கு வெயில் அடித்தது பாருங்கள், அப்படி ஒரு வெயில். கால் மணிக்கு ஒரு தடவை மாட்டைத் திருப்பினான். நாலரைக்குக் கோமதி பால்.

"இந்தா, இப்ப நான் சொல்றத கேளு" என்றாள் ஜோதிலட்சுமி, மோட்டாரை மாட்டிக்கொண்டிருந்தவனிடம். "கீழ போயி, எலுமிச்சம்பழம், வெயிலுன்னு உளறி வைக்காத. அதான் எங்களுக்கே தெரியுமேன்னு சாவிய வாங்கி முடிஞ்சிக்கும் அந்தம்மா. ஜப்பான் கிரீமு, புரோமினு, ரெண்டு நாளு முழிச்சுக்கினு இருந்தேன்னு சொல்லு. இன்னா?"

"பொய்யா?"

"பொய்யி இல்ல. பேக்கிங்கு."

கீழே ஒன்பது படியும் வெள்ளை வேட்டி விரித்துத் தயாராக இருந்தன. மாமி கோமதியை இரண்டு கையாலும் வாங்கினாள். தரையில் விட்டாள். கோமதி நாலடி நடந்து, நின்று, தலையை ஆட்டி, அம்மா என்றாள்.

"ஏன்னா, பாருங்கோ, வந்த அன்னிக்கு இருந்தாப்பலயே இருக்கா!" மாமியின் கண் கலங்கிவிட்டது. "என்னடா போட்டே?"

"ஜப்பான் கிரீம் மாமி" என்றான் மோகன்ராஜ், சுவரைப் பார்த்து. "புரோமினை உள்ளேர்ந்து இழுத்து… ரொம்பப் பேஜாரு வேலை. ரெண்டு நாளு."

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாவி உங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். மோகன்ராஜ் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சாவி அங்கேதான் இருந்தது. பதினோரு பொம்மைக்கும் அவன் மனசுக்குள் தேதி கொடுக்க ஆரம்பித்தான்.

"இரு, படியில வைக்கறதுக்கு முன்னாடி" என்றபடி மாமி உள்ளே போய் ஒரு வெள்ளிக் கிண்ணத்தோடு வந்தாள். மூன்று விரலால் கிண்ணத்திலிருந்து குழைத்த மஞ்சளை அள்ளினாள். கோமதியைப் பின்பக்கமாகத் திருப்பினாள்.

"வாணாம் மாமி!"

கூடமே அதிர்ந்தது. ஊஞ்சல் நின்றது. கத்தியது தான்தான் என்று மோகன்ராஜுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"மஞ்சள் வைக்காதீங்க! மஞ்சளாலதான் அது மஞ்சளாச்சு! எவ்ளோ கஷ்டப்பட்டு இறக்கினேன், இப்பத்தான் வெள்ளையாச்சு, அதும்மேல போயி…"

மாமியின் மூன்று விரலும் அந்தரத்தில் நின்றன.

"அப்போ புரோமின்?"

மோகன்ராஜ் மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தான்.

"ஜப்பான் கிரீம்?"

"போடல மாமி."

"பின்னே என்னதான் போட்டே?"

"சோப்பு. அரை எலுமிச்சம்பழம். கால் மணிக்கு ஒரு தபா திருப்பித் திருப்பி வெயிலு."

"எந்த வெயில்?"

"உங்க மாடி வெயிலுதான்."

மாமி இடது கையை நீட்டினாள். மோகன்ராஜ் சாவியை எடுத்து அதில் வைத்தான். வாசலில் நின்றிருந்த ஜோதிலட்சுமி நெற்றியில் அடித்துக்கொள்கிற சத்தம் நன்றாகவே கேட்டது.

"சோப்பும் எலுமிச்சம்பழமும் எங்காத்துல இல்லையா? இதை நானே பண்ணியிருப்பேனே!" என்றாள் மாமி.

"முப்பத்தொன்பது வருஷமா பண்ணலியே, ஹேமா" என்றார் ராமஸ்வாமி ஊஞ்சலிலிருந்து.

மாமி அவரைப் பார்த்த பார்வையில் ஊஞ்சல் மறுபடி ஆட ஆரம்பித்தது. பிறகு கோமதியைப் பார்த்தாள். பால் வெள்ளை. பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். மஞ்சள் ஒரு சொட்டு கீழே விழுந்தது.

"மஞ்சள் வைக்காம இவளைப் படியில ஏத்த முடியாது" என்றாள், யாரிடமோ வழக்காடுவதுபோல. "அதே நேரம், இவ்வளவு வெள்ளையாப் பார்த்துட்டு, இனிமே மஞ்சளாவும் பார்க்க முடியாது."

"அதுக்கு?" என்றார் ராமஸ்வாமி.

"அதுக்கு கொலு முடிஞ்சதும் கழுவணும். கனு முடிஞ்சதும் கழுவணும். கால் மணிக்கு ஒருதரம் வெயில்ல திருப்பணும். எனக்கு வேற வேலை இல்லையா?" மாமி மோகன்ராஜ் பக்கம் திரும்பினாள். "பொய் சொல்லவும் தெரியலை, சொன்ன பொய்யைக் காப்பாத்திக்கவும் தெரியலை. உன்னை நம்பி மாட்டைக் கொடுக்கலாம். மாடியில மேற்குப் பக்கம் உன்னுது. கிழக்கே கால் வைக்கப்படாது. காத்தடிச்சு என் புடவை வந்தா, உன் பொம்மையை நகர்த்து."

சாவி திரும்பி வந்தது. கூடவே மாமியின் மூன்று விரல்களும் கோமதியின் பின்பக்கத்தை நோக்கி இறங்கின.

"மாமி, கொஞ்சமா…" என்றான் மோகன்ராஜ்.

"லக்ஷ்மிக்கு அளவு சொல்லாதே" என்று சொல்லி மாமி தாராளமாக அப்பினாள்.

மோகன்ராஜ் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாவியை இறுகப் பிடித்தபடி, மாடிப்படியில் ஏறினான்.